அம்மா பாட்டெடுத்த கூரை

அண்மையில் கோலாலம்பூர் போன நம் வயதுக்காரர்கள் யாராவது, ரயில் பாதைக்கு அருகில் இருக்கும் அந்தப் பழைய மெதடிஸ்ட் கோயிலுக்குள் எட்டிப் பார்த்திருந்தால், வேறு கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு கணம் நின்றிருப்பார்கள். நான் நின்றேன். கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயில் பிடித்து, முழங்காலைச் சமாதானப்படுத்திப் படியேறி, பெரிய கதவைத் தாண்டியதும் அண்ணாந்து பார்த்தேன். நமக்குப் பழக்கப்பட்ட வெள்ளை சீலிங் இல்லை. அதைத் தாங்கியிருந்த சட்டங்களைக் கரையான் தின்றுவிட்டதாம். பலகைகளை இறக்கியவர்கள் மறுபடி ஏற்றவில்லை.

அதனால் கூரை தெரிகிறது. இரு பக்கச் சுவர்களிலிருந்தும் கறுத்த மரங்கள் சாய்வாக எழுந்து, விரித்த கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று குறுக்கே கடந்து உச்சிக்குப் போகின்றன. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் நீளம் முழுவதும் மரப் பின்னல். சூடான காற்று வெளியேறுவதற்கு. வாசல் பக்கச் சுவரின் உச்சியில் மரச் சிறகுகள் வைத்த வட்டத் துவாரம். கீழே இருக்கும் கூர்வளைவு ஜன்னல்களும், சிவப்பும் கறுப்புமான தரை ஓடுகளும் நமக்குத் தெரிந்தவைதான். ஆனால் மேலே பார்த்த பிறகு அவற்றுக்கும் ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது. சீலிங் போட்ட பிறகு இத்தனை வருஷமும் கழுத்து வரைக்கும்தான் அந்தக் கட்டடத்தைப் பார்த்திருக்கிறோம்.

பீடத்தின் அருகே இப்போதைய போதகர், இளைஞர், கைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். “நாளைக்குக் காலைல வாங்க லா, பெயின்ட் காஞ்சிரும்.” குரலை அவர் உயர்த்தவில்லை. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்ற எனக்கு ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது. என் காது இப்போது அத்தனை நல்ல காது அல்ல.

அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் அம்மாவின் குரலைத் தின்றது வயதும் இல்லை, நோயும் இல்லை, சீலிங்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் ரயிலை நம்பிப் பிழைத்தவர்கள். தண்டவாளத்தில் வேலை பார்த்த தமிழ்நாட்டுக் குடும்பங்கள், அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய யாழ்ப்பாணக் குடும்பங்கள். கட்டடத்துக்குப் படம் போட்டவர் ஒரு மிஷனரி. கொத்து வேலையும் தச்சு வேலையும் சீனர்கள். வாசலோரத்து அடிக்கல்லில் தமிழ் வரிகளைச் செதுக்கியதும் அவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அட்சரங்கள் அழகாக இருக்கும், ஆனால் படிக்கத் தெரிந்த கை செதுக்கியது அல்ல என்று பார்த்ததும் தெரியும்.

மிஷனரியின் படத்தில் தட்டையான சீலிங் ஒன்று இருந்தது. சுவர் எழும்பி, ஓடு வேய்ந்து முடிந்தபோது கையிலிருந்த பணமும் முடிந்துவிட்டது. சீலிங் இல்லாமலேயே பிரதிஷ்டை செய்தார்கள். அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம் என்றார்களாம். அந்த அடுத்த வருஷம் வரவில்லை. ஜப்பான்காரன் வந்து, பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு அரிசி மூட்டை அடுக்கினான், போனான். கூரை திறந்தபடியே நின்றது.

நம் பெரியவர்களுக்கு அது ஒரு கூச்சம். வெள்ளைக்காரர்கள் தொழுத கோயில்களில் தலைக்கு மேல் வழுவழுப்பாக ஏதோ இருந்தது. நம்முடையதில் எலும்புகள் தெரிந்தன. “நம்ப கோயில் இன்னும் முடியல” என்பார் அப்பா, விருந்தினரை அழைத்து வரும்போதெல்லாம், வீட்டில் நாற்காலி போதாததற்கு மன்னிப்புக் கேட்பவர் போல. அப்பா ரயில்வே அலுவலகத்தில் எழுதும் கிராணி. கோயில் கமிட்டிக்குச் செயலாளர்.

பிள்ளைகளுக்கு அந்த முடியாத கோயில் பிடித்திருந்தது. வட்டத் துவாரத்தின் மரச் சிறகுகள் வழியாக ஒரு வெயில் திட்டு உள்ளே விழும். ஆராதனை தொடங்கும்போது அது ஆண்கள் பக்கச் சுவரில் இருக்கும். பிறகு மெல்ல இறங்கி, பெஞ்சு பெஞ்சாக நகரும். அது கட்டட வேலை எடுத்துச் செய்யும் கன்ட்ராக்டர் அங்கிளின் வழுக்கையில் ஏறி உட்கார்ந்தால் பிரசங்கம் முடியப்போகிறது என்று அர்த்தம். போதகரின் கைக்கடிகாரத்தைவிட எங்களுக்கு அந்த வழுக்கையில் நம்பிக்கை அதிகம். குறுக்கு மரங்களில் புறாக்கள் இருந்தன. ஜெப நேரத்தில் அவை முனகுவது நம்மவர்களின் ஆமேனோடு சரியாகப் பொருந்தும்.

இப்போது பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது நம் கோயிலில் ஆர்கன் கிடையாது, மைக்கும் கிடையாது. போதகர் பாட்டின் எண்ணைச் சொல்வார். புத்தகங்கள் புரளும் சத்தம் அடங்கும். பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தில் யாராவது ஒருவர் முதல் வரியைத் தனியாக எடுக்க வேண்டும். அவர் எடுத்த சுருதிதான் எல்லோருக்கும் சுருதி, அவர் பிடித்த வேகம்தான் வேகம். மேலே எடுத்துவிட்டால் மூன்றாவது சரணத்தில் சபையே மூச்சு வாங்கும். கீழே எடுத்தால் இழவு வீடு. பாட்டெடுப்பது என்று அதற்குப் பெயர். அதற்கு நியமனம் எதுவும் இல்லை. யார் எடுத்தால் எல்லோராலும் பாட முடிகிறதோ அவர் எடுத்துக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான்.

எங்கள் கோயிலில் அது அம்மா.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றது. கமிட்டிக்காரர்களின் மனைவிமார் ஆங்கிலமும் தமிழுமாகப் பேசிக்கொள்ளும் இடத்தில் என் சடையைப் பின்னுவது போல் எனக்குப் பின்னால் நின்றுகொள்வார். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு அவருடைய இடம். மௌனம் வந்ததும் தலையைத் திருப்பாமல், புத்தகத்தைப் பார்க்காமல், முதல் வரியை எடுப்பார். பெரிய குரல் இல்லை. வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிடும் குரலைவிடச் சிறியது. ஆனால் அது முன்னால் போகாமல் மேலே போகும். போய், கூரை முழுக்கப் பரவி, கடைசி பெஞ்சில் இருப்பவர் தலையில் இறங்கும். அந்த ஒரு வரிக்காகச் சபை முழுவதும் அவர் வாயை எதிர்பார்த்து நிற்கும். வாரத்தில் வேறெங்கும் அம்மாவுக்காக யாரும் காத்திருந்ததில்லை. ஆண்கள் பக்கத்தில் அப்பா அந்த நேரத்தில் தொண்டையைக் கனைத்துக்கொள்வார், பாடப்போவது தான்தான் என்பது போல.

நான் சிறுமியாக இருந்த ஒரு வருஷம், ஈஸ்டர் முடிந்ததும் கன்ட்ராக்டர் அங்கிளின் மகளுக்குக் கல்யாணம். சாலாக் செலாத்தானில் பெரிய வீடு, வாசலில் அவருடைய லோரிகள். மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டு. தாலி முடியும் சரியான நேரத்தில் ஒரு புறா அந்தக் கோட்டின் தோளில் தன் காணிக்கையை வைத்தது.

பெண்கள் பக்கத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: “புறா ரூபத்துல ஆவி எறங்கிருச்சுடி.”

மெதுவாகத்தான் சொன்னார்கள். ஆனால் நம் கோயிலில் மெதுவாகச் சொல்வது என்று ஒன்று அப்போது கிடையாது. பீடம் வரைக்கும் கேட்டது. போதகர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கன்ட்ராக்டர் அங்கிள் அண்ணாந்து கூரையைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஒரு கட்டடத்தை யாரும் அப்படி முறைத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் கமிட்டி எங்கள் குவார்ட்டர்ஸில் கூடியது.

“எங்கம்மா ஞாபகார்த்தமா நானே சீலிங் போட்டுத் தரேன்” என்றார் கன்ட்ராக்டர் அங்கிள். “மூங்கிலு, பலக, ஆளு, எல்லாம் என்னோடது.”

ஒரு யாழ்ப்பாணப் பெரியவர், “வெக்கை கூடாதோ?” என்று கேட்டார்.

“ஃபேனும் மாட்டித் தரேங்கண்ணே. போதுமா?”

ஞாபகார்த்தம் என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் நம் சபைகளில் அதற்கு மேல் பேச்சு இல்லை. நம் கோயிலில் ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும், மேசை விளக்கிலும், காணிக்கைத் தட்டிலும் ஒரு பித்தளைத் தகடு இருக்கும்; அதில் இறந்துபோன ஒரு தாயோ தகப்பனோ இருப்பார். வேண்டாம் என்றால் பொருளை வேண்டாம் என்பதாகாது, செத்தவரை வேண்டாம் என்பதாகும். அந்த வெட்கம் நம்மை எத்தனையோ நல்ல காரியங்களையும் செய்ய வைத்திருக்கிறது, இதையும் செய்ய வைத்தது.

“முன்னால உள்ளவங்க முடிக்க முடியாம விட்டத நாம முடிக்கிறோம். அவ்வளவுதான்” என்றார் அப்பா. அவர் குரல் தழுதழுத்தது. நான் சமையலறை வாசலில் நின்று கேட்டேன்.

அம்மா தேத்தண்ணி கோப்பைகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். “அந்தப் புறாவெல்லாம் எங்கங்க போகும்?”

“அதுங்களுக்கு ஸ்டேஷன் இருக்கு” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். சீலிங் நிறைவேறியது.

வேலை நடந்த வாரங்களில் ஆராதனை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். அப்பா ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போய்ச் சாரத்தின் கீழ் நிற்பார். சில நாள் என்னையும் அழைத்துப் போனார். பலகைகள் ஒவ்வொன்றாக ஏற, கறுத்த மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மரப் பின்னல் மறைந்தது. வட்டத் துவாரம் மறைந்தது. வெயில் திட்டு எங்கே போயிற்று என்று நான் கேட்டேன். “அதான் லைட் போடப்போறாங்களே” என்றார் அப்பா. நியாயமாகச் சொன்னால், முடிந்தபோது அது அழகாகத்தான் இருந்தது. கல்யாண கேக்கின் மேல் பூசிய சர்க்கரை போல வெள்ளை வெளேரென்று, ஒரு கோடு பிசகாமல்.

திறப்பு ஞாயிறு. காஜாங்கிலிருந்து குச்சியில் கோத்துச் சுடும் சாத்தே இறைச்சிக்குச் சொல்லியிருந்தார்கள். வாசலில் கூடாரத்தின் கீழ் கரி மூட்டிக்கொண்டிருந்த மணம் உள்ளே வந்தது. வெளியூர் போதகர்கள் வந்திருந்தார்கள். முதல் பாட்டின் எண் சொல்லப்பட்டது. மௌனம் வந்தது. அப்பா கனைத்துக்கொண்டார்.

அம்மா எடுத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்குக் கேட்டது. எனக்குப் பின்னால் இரண்டு மூன்று பெஞ்சுகளுக்கும் கேட்டிருக்கும். அதற்கு அப்பால் போகவில்லை. ஈரத் துணியில் எறிந்த பந்து போல அந்த வரி விழுந்த இடத்திலேயே கிடந்தது. பின்னால் இருந்தவர்கள் இன்னும் யாரும் எடுக்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் தன் சுருதியில் தொடங்கினார். பெண்கள் இரண்டாவது வரியில், ஆண்கள் முதல் வரியில். கிள்ளான் ரயிலும் செரம்பான் ரயிலும் ஒரே தண்டவாளத்தில் வந்தது போல. அம்மா குரலை உயர்த்தி மறுபடி எடுத்தார். உயர்த்தியே பழகாத குரல் நடுவில் உடைந்தது. அப்பா தலையைப் பாட்டுப் புத்தகத்துக்குள் புதைத்துக்கொண்டார்.

அன்று பிரசங்கமும் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சாத்தே நன்றாக இருந்தது.

கூடாரத்தின் கீழ் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். யாழ்ப்பாண ஆன்டி, பள்ளிக்கூட ஆசிரியை, நல்ல மனுஷி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “தங்கச்சி, தொண்டை கட்டிப்போட்டுதோ? மல்லித் தண்ணி அவிச்சுக் குடியும்” என்றார். இன்னொருவர் மிளகும் தேனும். இன்னொருவர் லிமாவ் எலுமிச்சை பிழிந்து, அசாம்போய் என்ற உப்புப் பழம் போட்டு வெந்நீர். அடுத்து வந்த வாரங்களில் எங்கள் சமையலறை நாட்டு மருந்துக் கடை போல இருந்தது. அம்மா எல்லாவற்றையும் குடித்தார். ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த வரி அதே இடத்தில் விழுந்தது.

அப்பா டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் நாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, “தொண்டையில ஒண்ணுமே இல்லையேம்மா. யாரு சொன்னா குரல் போச்சின்னு?” என்றார்.

வீட்டில் குரல் போகவே இல்லை. அதுதான் வேடிக்கை. அம்மா பின்கட்டுக் குழாயடியில் துணி அலசிக்கொண்டே பாடினால் நான்காவது குவார்ட்டர்ஸ் வரை கேட்கும். ஒருநாள் சட்டென்று நிறுத்திவிட்டார். சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல், “அக்கா, பாதியில விட்டா எனக்கு வேல ஓட மாட்டேங்குது, பாடுங்க லா!” என்றது. அம்மா சிரித்துவிட்டார்.

“பாத்தியா, வீட்ல நல்லாத்தான் பாடுற” என்றார் அப்பா. “கோயில்ல கூட்டத்தப் பாத்து பயந்துர்ற.”

இத்தனை வருஷமாக இல்லாத பயம் இப்போது ஏன் வந்தது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. வேறு யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. படித்தவர்கள், பாலத்துக்கும் பாதைக்கும் கணக்குப் போட்டவர்கள், அந்தச் சபையில் எத்தனையோ பேர். பிற்பாடு என் பத்திரிகை வேலையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டடமும் ஒரு பெண்ணும் ஒரே நாளில் மாறினால் எல்லோரும் பெண்ணைத்தான் பரிசோதிப்பார்கள்.

கன்ட்ராக்டர் ஆன்டி, படியில் செருப்பு மாட்டும்போது, காதில் விழும்படியாகச் சொன்னார்: “வயசாச்சின்னா எறங்கிக்கணும் லா. சின்னப் பொண்ணுங்க எத்தன பேரு நிக்குதுங்க.” அம்மாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. “ஆமாங்கக்கா” என்று சொல்லிவிட்டு என் செருப்பின் வாரை மாட்டிவிட்டார்.

மைக் வாங்குவது என்று கமிட்டி முடிவு செய்தது. மைக்குக்கு முன்னால் நின்று யாழ்ப்பாண ஆன்டி பாட்டெடுப்பார். இதைச் சொல்லும் பொறுப்பு செயலாளருக்கு வந்தது. சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“அடுத்த மாசத்துலேர்ந்து மைக் வருது. அந்த அக்கா எடுக்கட்டும்னு ஒரு பேச்சு.”

“யாரு பேசுனா?”

“எல்லாரும்தான்.”

“நீங்க?”

அப்பா ரசம் போதும் என்பது போல் கையைக் காட்டினார். ஊற்றிக்கொண்டிருந்தது அவரேதான். “நீ கஷ்டப்படுறியேன்னுதான் நானும் சரின்னேன்.”

அம்மா ரசப் பாத்திரத்தை வாங்கி மூடி வைத்தார். பிறகு, “இந்த ஞாயித்துக்கெழம ஒரே ஒரு தடவ நான் எடுக்கறேன். நல்லா வந்துச்சின்னா அப்படியே விட்டுடுங்க. இல்லன்னா அவங்களே எடுக்கட்டும்” என்றார். எதற்காகவும் அம்மா பேரம் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அந்தச் சனிக்கிழமை பீடத்துக்குப் பூ வைக்கும் முறை எங்களுடையது. நானும் அம்மாவும் நடந்தே போனோம். உள்ளே கன்ட்ராக்டரின் வயர்மேன், இளைஞர், ஃபேனுக்குக் கம்பி இழுப்பதற்காக நடுவில் சில பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே பீடி குடிக்கப் போயிருந்தார். வெள்ளை சீலிங்கில் ஒரு கறுப்புச் சதுரம். அதற்குள்ளே, தூரத்தில், பழைய மரங்கள்.

அம்மா பூச்சாடியோடு நடுப் பாதையில் நடந்து வந்தவர், அந்தச் சதுரத்தின் கீழே நின்றார். மறுநாளைய பாட்டின் முதல் வரியை எடுத்தார். பாட வேண்டும் என்று நினைத்துப் பாடியதாகத் தெரியவில்லை. வேலை நேரத்தில் வாயில் வருமே, அப்படி.

குரல் மேலே போயிற்று. அந்தத் துவாரத்துக்குள் ஏறிப் போய், எங்கோ உச்சியில் தட்டி, மறுபடி எங்கள் மேல் இறங்கியது. நான் பெஞ்சுக்கு அடியில் விழுந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்த்தேன். அம்மா வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நாலைந்து அடி தள்ளி, பலகை இருந்த இடத்தின் கீழ் போய் நின்று, அதே வரியை அதே அளவில் எடுத்தார். செத்து விழுந்தது. மறுபடி துவாரத்தின் கீழே வந்தார். பாடவில்லை. மேலே பார்த்தபடி நின்றார். அப்படி எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த சாடியின் தண்ணீர் அவர் புடவையில் வழிந்துகொண்டிருந்தது.

வயர்மேன் உள்ளே வந்தார். “நல்லா பாடுறீங்கக்கா. வெளிய வரைக்கும் கேட்டுச்சி.” ஏணியில் ஏறி, கம்பியைச் செருகி, கீழே குனிந்து கேட்டார். “வேல முடிஞ்சிருச்சி. அடைச்சிரவா?”

அந்தக் கேள்வியை அவர் வேலைக்காகக் கேட்டார். எனக்கும் அன்று அது வேலைக் கேள்வியாகத்தான் கேட்டது. இப்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்கும்போது, அம்மாவின் வாழ்க்கையில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பெரியது அதுதான் என்று படுகிறது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம்: என் தொண்டையில் ஒன்றும் இல்லை, உங்கள் சீலிங்தான் என்று. சொல்லியிருந்தால் அடுத்த கமிட்டியில் அப்பா எழுந்து நின்று, ஒருவருடைய தாயின் பெயரில் ஏறிய பலகைகளை, தானே முன்னின்று ஏற்றிய பலகைகளை, தன் மனைவியின் பாட்டுக்காக இறக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

“அடைச்சிருங்க தம்பி” என்றார் அம்மா. “இடுக்கு தெரியாம அடைங்க.”

அவர் அடைக்கும் வரை பார்த்திருந்துவிட்டு, பூவை வைத்துவிட்டு, என்னை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அப்பா வாசலில் செய்தித்தாளோடு இருந்தார். “ஃபேன் வயர் இழுத்துட்டாங்களா?”

“இழுத்துட்டாங்க.” அம்மா செருப்பைக் கழற்றினார். “நாளைக்கே அந்த அக்கா எடுக்கட்டும். சொல்லி அனுப்பிடுங்க.”

“ஏன்? ஒரு தடவ எடுக்கறேன்னு சொன்னியே?”

“வேணாங்க.” உள்ளே போனவர் நிலைப்படியில் கொஞ்சம் நின்றார். “சீலிங் நல்லா வந்திருக்குங்க. இன்னிக்குத்தான் சரியா பாத்தேன்.”

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். வெளியூர் போதகர்கள், கமிட்டிக்காரர்கள், கன்ட்ராக்டர் அங்கிள், எல்லோரும் புகழ்ந்தபோது வராத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. அத்தனை வாரமும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார் போலிருக்கிறது.